மூச்சு நிற்கும் முன்னே

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூரை வீடொன்றில் தீப்பற்றிக்கொண்டால் முதலில் ஓடி வருபவர் யார்? தீயணைக்கும் படையினர் அல்லர். பக்கத்து வீட்டுக்காரர்தாம் கையில் அகப்பட்ட குடத்துடன் ஓடி வருகிறார். படையினர் வந்து சேர்வதற்குள் அவர் ஊற்றும் நாலு குடம் தண்ணீர் அடுத்த கூரையைக் காப்பாற்றிவிடுகிறது. குழந்தை கிணற்றில் விழுந்தாலும் இப்படித்தான். உயிருக்கு வரும் ஆபத்துகள் பலவற்றில் அருகில் இருப்பவரே முதல் வைத்தியர் ஆகிறார்.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க நாட்டின் மலையடிவாரக் கிராமப்புறம் ஒன்றில் மக்கள் மேற்கொண்ட காரியத்தைப் பற்றி இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன். அபினி வகை மருந்துகள் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்து மூச்சு நின்றுபோனவர்களை, வைத்தியர் வருவதற்கு முன்பே வீட்டாரும் அண்டை அயலாரும் பிழைக்க வைத்த செய்தி அது. எங்கோ ஒரு நாட்டில் நடந்தது நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடத்தை முடிவில் சொல்கிறேன்.

மருந்தே நஞ்சாவது எப்படி?

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபினி. அபினியிலிருந்து எடுக்கப்படுவது மார்பின். மார்பினிலிருந்து செய்யப்படுவது ஹெராயின். ஆக்சிகோடோன், மெதடோன், பெண்டனில் என்று இதே குணமுடைய வேறு பல மருந்துகளும் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. இவை அனைத்தையும் சேர்த்து ஓபியாய்டு என்பார்கள். நாம் அபினி வகை மருந்துகள் என்று சொல்லிக்கொள்வோம்.

இவற்றை வெறும் நஞ்சு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. புற்றுநோயால் துடிக்கும் ஒருவருக்கு மார்பினைப் போல் ஆறுதல் தரும் மருந்துகள் சிலவே. நம் நாட்டிலும், வலி தாங்காத நோயாளிகளுக்கு இத்தகைய மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே போதைப் பொருள் சட்டம் 2014-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. வைத்தியர் குறித்த அளவில் இது மருந்து. அளவு மீறினால் ஆளைக் கொல்வதும் இதுவே.

கொல்லும் விதத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நாம் உறங்கும்போதும் மூச்சு நிற்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு பகுதி இரவும் பகலும் அந்த வேலையை நடத்திக்கொண்டிருக்கிறது. அபினி வகை மருந்து மிகுந்தால் இந்தப் பகுதி மந்தமடைகிறது. நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை விட்ட மூச்சு ஆறாகிறது, நாலாகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மூச்சு அடியோடு நின்ற சில நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. பிறகு இதயமும் நிற்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், பார்ப்பவர்களுக்கு இது சாவாகத் தோன்றுவதில்லை. கிடப்பவர் அயர்ந்து உறங்குவதைப்போல் கிடக்கிறார். தொண்டையிலிருந்து குறட்டை போன்றதொரு கரகரப்பு கேட்கிறது. 'தூங்கட்டும், காலையில் எழுந்துவிடுவான்' என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். காலையில் அவர் எழுவதில்லை.

மாற்று மருந்து

இந்த ஆபத்துக்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் நலாக்சோன். ஜாக் பிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்னும் இருவர் 1961-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இதற்கான காப்புரிமையைக் கோரினார்கள். 1971-ல் அமெரிக்க அரசாங்கம் இதை ஊசி மருந்தாக ஏற்றுக்கொண்டது.

இது வேலை செய்யும் முறை எளிமையானது. அபினி வகை மருந்து மூளையில் சென்று அமரும் இடங்கள் சில உண்டு. நலாக்சோன் அந்த இடங்களிலிருந்து அதை அப்புறப்படுத்திவிட்டுத் தானே அங்கு அமர்ந்துகொள்கிறது. தான் அமர்ந்து ஒன்றும் செய்வதில்லை. மற்றதை அமர விடாமல் தடுப்பதே அதன் வேலை. ஆகவே இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மூச்சு திரும்பத் தொடங்கும். இது போதை தருவதில்லை, பழக்கத்தை உண்டாக்குவதில்லை. அபினி வகை மருந்து உட்கொள்ளாத ஒருவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் தீங்கு செய்வதில்லை.

இத்தனை நல்ல மருந்து கையில் இருந்தும் நெடுங்காலம் அது ஆஸ்பத்திரிகளிலும் ஆம்புலன்ஸ் வண்டிகளிலுமே இருந்து வந்தது. மக்கள் சாவதோ வீட்டுப் படுக்கையில், நண்பரின் அறையில், சாலையோரத்தில். மருந்து ஓரிடம், சாவு வேறிடம். பிஷ்மனுடைய மனைவியின் மகனே 2003-ஆம் ஆண்டில் ஹெராயின் அளவு மீறியதால் இறந்துபோனார். மருந்தைக் கண்டுபிடித்தவரின் குடும்பத்தையே இந்தச் சாவு தப்ப விடவில்லை.

மருந்தை மக்கள் கையில் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் 1996-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் செயலுக்கு வந்தது. டான் பிக் என்பவரும் அவருடைய தோழர்களும் நடத்திய ஒரு சங்கத்தார், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கே நலாக்சோனைக் கொடுத்து, தம் கூட்டாளி மூச்சற்று விழுந்தால் அதைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லித் தந்தார்கள். ஒருவர் மூச்சற்று விழும்போது பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அவரைப் போன்ற இன்னொருவரே அல்லவா?

வில்க்ஸ் கவுண்டியின் அனுபவம்

நகரத்தில் தொடங்கிய இந்த முறை நாட்டுப்புறத்திற்கு ஏற்குமா? இதற்கு விடை தந்தது வட கரோலினா மாநிலத்திலுள்ள வில்க்ஸ் கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே ஏறக்குறைய 69,000 மக்கள் இருந்தனர். நீலமலைத் தொடர் என்னும் பொருள்படும் புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது அது. ஆப்பிள் தோட்டம், கோழிப் பண்ணை, மரம் வெட்டுதல் ஆகியவை அங்குள்ள தொழில்கள். உடலை வருத்தி உழைப்பவர்களுக்கு முதுகு வலியும் மூட்டு வலியும் வருவது இயற்கை. வலிக்கு வைத்தியர்கள் அபினி வகை மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரை வீட்டிலுள்ள மற்றவர் கைக்குப் போயிற்று. பாட்டியின் வலி மாத்திரையைப் பேரன் எடுத்துத் தின்றான். 2009-ஆம் ஆண்டில் அந்தக் கவுண்டியில் மருந்து அளவு மீறி இறந்தோர் விகிதம் லட்சத்துக்கு 46.6 என்று உயர்ந்தது. நாட்டுச் சராசரியைவிட இது பன்மடங்கு அதிகம்.

மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் சமயப் பணியாளராக அங்கே இருந்தவர் பிரெட் பிரேசன் என்பவர். நோயாளிகளுக்குக் கொடுத்த வலி மாத்திரைகள் அவர்கள் வீடுகளிலிருந்தே களவு போவதை அவர் கண்டார். களவைத் தடுப்பதில் தொடங்கிய அவருடைய சிந்தனை, இறப்பைத் தடுப்பதற்கு வந்து சேர்ந்தது. இறந்தவரை ஏசுநாதர் எழுப்பியதாகக் கிறிஸ்தவ வேதத்தில் வரும் லாசரஸின் பெயரால் 'லாசரஸ் திட்டம்' உருவாயிற்று. மாநிலத்தின் மருத்துவக் கவுன்சில் 2007-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஆதரவு தெரிவித்தது.

அவர்கள் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. வைத்தியர்கள் மாத்திரை எழுதும் முறையைச் சீர்ப்படுத்தினார்கள். எஞ்சிய மாத்திரைகளைப் போடுவதற்குப் பெட்டிகள் வைத்தார்கள். தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பேசினார்கள். பழக்கத்திற்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அபாயம் மிகுந்த நோயாளிகளுக்கு வலி மாத்திரையுடன் நலாக்சோனையும் கொடுத்து, வீட்டாருக்கு அதன் உபயோகத்தைக் கற்பித்தார்கள். 2010-ஆம் ஆண்டில் இறந்தோர் விகிதம் லட்சத்துக்கு 29 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எல்லாப் பணிகளும் ஒன்றுசேர்ந்து தந்த பயன் இது; மருந்து ஒன்றினால் மட்டும் வந்ததென்று சொல்ல முடியாது.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலும் இந்த முறை ஆராயப்பட்டது. 19 ஊர்களில் 2,912 பேருக்குப் பயிற்சியும் மருந்தும் கொடுத்தார்கள். உயிரைக் காக்க அவர்கள் 327 தடவை அதைப் பயன்படுத்தியதாகத் தெரிய வந்தது. பயிற்சி நடந்த ஊர்களில் சாவு விகிதம், நடக்காததோடு ஒப்பிட, சுமார் 27 சதவீதம் குறைந்தது. மிகுதியான பேர் பயிற்சி பெற்ற ஊர்களிலோ சுமார் 46 சதவீதம் குறைந்தது. ஊரில் இரண்டொருவர் கற்றால் போதாது. பலரும் கற்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2014-ஆம் ஆண்டில், இத்தகைய ஆபத்தைக் காண நேரும் எவருக்கும் நலாக்சோன் கிடைக்க வேண்டும் என்று வழிகாட்டியது. பிறகு கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உக்ரைன் ஆகிய நாலு நாடுகளில் ஐக்கிய நாட்டு அமைப்புடன் சேர்ந்து பொதுமக்களுக்குப் பயிற்சி அளித்தது. செல்வம் மிகுந்த நாட்டுக்கு மட்டும் உரிய முறை இதுவல்ல என்பது அங்கு தெளிவாயிற்று. பயிற்சி பெற்றோரில் ஆராயப்பட்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆறு மாதத்திற்குள் அத்தகைய ஆபத்தை நேரில் கண்டனர். கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மருந்தைப் பயன்படுத்தினர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்தார்கள்.

பயிற்சியில் கற்பிப்பது என்ன?

பயிற்சி நீண்ட நாள் படிப்பு அன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு மணி நேரத்திற்குள் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் அடையாளம். ஆள் கூப்பிட்டால் விழிப்பதில்லை. மூச்சு மிகவும் மெதுவாக ஓடுகிறது, அல்லது இல்லை. கண்ணின் கருமணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரித்தோ சாம்பல் நிறமாகவோ காண்கின்றன. தோளைத் தட்டி உரக்க அழைக்க வேண்டும். நெஞ்செலும்பின்மேல் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அதற்கும் விழிக்காவிட்டால் அது தூக்கம் அன்று.

உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பிறகு ஆளை மல்லாக்கக் கிடத்தி, கழுத்தைத் தாங்கித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மருந்துக் குழலின் முனையை ஒரு மூக்குத் துவாரத்தில் செலுத்தி அழுத்த வேண்டும். மூக்கில் தெளிக்கும் இந்த வகை 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்தது. 2023 முதல் அங்கே வைத்தியர் சீட்டு இல்லாமலே கடைகளில் விற்கப்படுகிறது. மருந்து வேலை செய்யும் வரையில் வாளாவிருத்தல் கூடாது. மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒரு தரம் வாய் வழியே மூச்சை ஊத வேண்டும். இதயத் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி இயக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொரு தடவை மருந்து செலுத்தலாம்.

மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி வந்தால் அது தொண்டையை அடைக்காமல் இருப்பதற்காக இது. பிழைத்துவிட்டார் என்று விட்டுப் போய்விடலாகாது. நலாக்சோனின் வேகம் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையில்தான் நிற்கும். உள்ளே சென்ற மருந்தின் வேகம் அதைவிட நீடிக்குமானால் மூச்சு மறுபடியும் அடங்கிவிடும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் தீர வேண்டும்.

செய்யத் தகாதவையும் கற்பிக்கப்படுகின்றன. குளிர்ந்த நீரில் தள்ளக்கூடாது. உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. கன்னத்தில் அறைந்து நடக்க வைக்க முயலக்கூடாது. இவற்றால் காலம் வீணாகும். சில சமயம் உயிரும் போகும்.

அச்சமும் அவமானமும்

மருந்து இருந்தது, பயிற்சியும் கிடைத்தது. ஆயினும் சில இடங்களில் மக்கள் இறந்தார்கள். காரணம் அச்சம். ஆம்புலன்ஸை அழைத்தால் போலீசும் உடன் வருமே என்று அஞ்சி, கூட இருந்தவர்கள் விழுந்து கிடந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். வீட்டாரோ, ஊர் அறிந்துவிடுமே என்று வெட்கி வாயை மூடிக்கொண்டார்கள்.

இதைக் கண்டு சட்டத்தையே மாற்றினார்கள். நியூ மெக்சிகோ மாநிலம் 2007-ல் முதலில் வழிகாட்டியது. வட கரோலினா 2013-ல் பின்பற்றியது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உதவிக்கு அழைத்தவர்மேல், சிறிதளவு போதைப் பொருள் வைத்திருந்த குற்றத்திற்காக வழக்குத் தொடரக்கூடாது என்பது இச்சட்டத்தின் சாரம். போதைப் பொருள் விற்பவனைக் காக்கும் சட்டம் அன்று இது. சாகக் கிடப்பவனைக் காக்கும் சட்டம்.

இங்கே ஒரு கேள்வி எழும். நஞ்சு உண்பவன் பக்கத்திலேயே மாற்று மருந்தும் இருந்தால், துணிந்து இன்னும் அதிகமாக உண்ண மாட்டானா? அங்கேயும் பலர் இப்படிக் கேட்டார்கள். நலாக்சோன் பெற்றவன் போதையின்பம் முழுவதும் பறிபோய், உடல் நடுங்கிக் குமட்டலோடு விழிக்கிறான். அதை விரும்பி நாடுவார் யாரும் இலர். மருந்து கொடுத்ததால் பழக்கம் மிகுந்தது என்று ஆராய்ச்சிகள் காட்டவும் இல்லை. மேலும், வில்க்ஸ் கவுண்டியில் இறந்தவர்களில் பலர் வைத்தியரிடம் சீட்டுப் பெற்று வலிக்கு மாத்திரை தின்றவர்களே. தவறு செய்தவனைத் திருத்தலாம், சிகிச்சைக்கு அனுப்பலாம். அதற்கு முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

நோய் அந்த நாட்டை விட்டு நீங்கிவிடவில்லை. ஹெராயினைவிடச் சுமார் ஐம்பது மடங்கு வீரியமுள்ள பெண்டனில் கள்ளச் சந்தையில் பரவியதால், எல்லாவகை மருந்துகளும் அளவு மீறி அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர் இறந்தனர். 2024-ல் இந்தத் தொகை கால் பங்குக்கு மேல் குறைந்ததாகத் தற்காலிகக் கணக்குகள் தெரிவிக்கின்றன. அந்தக் குறைவுக்கு நலாக்சோன் பரவலாகக் கிடைத்ததும் ஒரு காரணமாக எடுத்துக் கூறப்படுகிறது.

நமக்குள்ள பாடம்

அந்த நாட்டின் அளவுக்கு இந்த ஆபத்து நம் ஊர்களில் இல்லை. ஆனால் நாம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதற்கும் இல்லை. இந்தியா முழுவதிலும் அபினி வகைப் பொருள்களை உபயோகிப்போர் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் என்று மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில், டேபென்டடால் என்னும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி வழியே ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதுவும் இதே வகையைச் சேர்ந்த மருந்துதான்.

நம் நாட்டில் நலாக்சோன் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில் ஊசி மருந்தாகவே பயன்படுகிறது. வீட்டில் வைத்துக்கொள்ளும் மூக்குத் தெளிப்பு மருந்து இங்கே பரவலாக வழக்கில் இல்லை. ஆகவே நம்மிடம் இருப்பவை நமது கையும், மூச்சும், 108 என்னும் எண்ணுமே. 108 வண்டி வரும் வரையில் மூச்சு ஊதி உயிரைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை ஊராட்சி அழைத்துக் கேட்டுக்கொண்டால், இந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்வது கடினம் அன்று. நீரில் மூழ்கியவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும்கூட இந்தப் பயிற்சி உதவும்.

உழவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நலாக்சோன் அபினி வகைக்கு மட்டுமே மாற்று. பூச்சி மருந்து உண்டவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் மதுவால் மயங்கியவருக்கும் அது பயன்படாது. அவற்றிற்குரிய சிகிச்சை வேறு. பூச்சி மருந்து உண்டவருக்கு நேராக வாயோடு வாய் வைத்து ஊதினால் ஊதுபவருக்கும் நஞ்சு ஏறக்கூடும். அவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரி சேர்ப்பதே வழி.

வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய வலி மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். பழக்கத்தில் சிக்கிய பிள்ளை உள்ள வீட்டாரை ஊர் ஏளனம் செய்யாமல் இருக்கட்டும். அவர்கள் 14446 என்னும் எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். ஏளனத்துக்கு அஞ்சி ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளே மூச்சடங்கிக் கிடக்கும் மகனை நாம் யாரும் காப்பாற்ற முடியாது.

நள்ளிரவில் அந்தத் தாய் கதவைத் திறந்து கூவும்போது, 'என்ன செய்வது?' என்று கைகளைப் பிசைந்து நிற்கும் கூட்டமாக நாம் இருக்கலாகாது. செய்ய வேண்டியதை அறிந்த ஒருவராவது அந்தத் தெருவில் இருக்க வேண்டும். அந்த ஒருவரை ஒவ்வொரு தெருவிலும் உண்டாக்குவது ஊராட்சியால் ஆகக்கூடிய காரியம்தான். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவீர்கள் என்ற நம்பிக்கையுடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்.